சிங்கப்பூர் எவ்வளவு தூரம்?

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் ஆகாய மார்க்கத்தில் சுமார் 3 ஆயிரம் கிலோமீட்டர். விமானம் ஏறக்குறைய 4 மணி நேரத்தில் போய்விடுகிறது. திருச்சியிலிருந்து சென்னை சுமார் 330 கிலோமீட்டர்தான். ஆனால் பஸ்சில் போக 6 மணி நேரம் ஆகிறது. சென்னையைவிடச் சிங்கப்பூர் பக்கம்!

அந்தக் காலத்தில் அப்படி இல்லை. நாகப்பட்டினத்தில் "ரஜுலா" கப்பல் ஏறினால், சிங்கப்பூர் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அடுத்து வந்த "சிதம்பரம்" கப்பலும் 1985-ல் தீப்பிடித்ததோடு நின்றது. இன்று விமானம்தான்.

தூரம் குறைந்துவிட்டது. எல்லோருக்கும் குறைந்ததா?

திருச்சி புத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு தகப்பனார் உயிருக்குப் போராடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மகன் சிங்கப்பூரில் கட்டிட வேலை செய்கிறான். "உடனே புறப்பட்டு வா" என்று போன் வருகிறது. முதலாளி லீவு கொடுத்துவிட்டார். டிக்கெட்?

விமானத்தில் இடம் குறையக் குறையக் கட்டணம் ஏறும். உல்லாசப் பயணம் போகிறவர் 3 மாதத்துக்கு முன்பே மலிவாக வாங்கிவிடலாம். சாவு சொல்லிவிட்டா வருகிறது?

துக்கத்துக்குப் போகிறவர்களுக்கு "ஏர் கனடா" கம்பெனி தனிக் கட்டணம் வைத்திருக்கிறது. எல்லா விமானக் கம்பெனிகளும் அப்படிச் செய்ய வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டுகிறவருக்கு, ஒவ்வொரு விமானத்திலும் 2 இடமாவது நியாயமான விலையில் ஒதுக்க வேண்டும். அரசாங்கம் அதைக் கட்டாயமாக்க வேண்டும்.

பெற்றவர் முகத்தைக் கடைசியாகப் பார்க்கப் பணம் இல்லாதவனுக்கு, 4 மணி நேரப் பயணமும் எட்டாத தூரம்தான்!