வெளிச்சமா, உண்மையா?

"திரை பளிச்சென்று இருக்க வேண்டும், ஐயா! மற்றதெல்லாம் வெறும் வேதாந்தம்" என்று பாலக்கரை நண்பர் ஒருவர் சாதிக்கிறார். காமிரா வைத்திருக்கும் பலருக்கும் இதே அபிப்பிராயம் இருப்பதால்தான் சண்டைக்கு வருகிறேன்.

எஸ்.எல்.ஆர். காமிராவில் லென்ஸ் வழியே வரும் பிம்பம் கண்ணாடியில் பட்டு மேலே திரும்பி, ஒரு சின்னத் தகட்டின் மீது விழுகிறது. அதுதான் திரை. லென்ஸைக் கையால் திருப்பி போகஸ் செய்கிறவன் அதைத்தான் நம்பியிருக்கிறான். தானே போகஸ் செய்துகொள்ளும் காமிராக்கள் வந்த பிறகு திரையைப் பிரகாசமாக்கினார்கள். அதற்கு விலையாகக் கொடுத்தது உண்மையை. எஃப் 1.4 லென்ஸை மாட்டினாலும் அந்தத் திரை ஏறக்குறைய எஃப் 2.8-க்கு உரிய தெளிவையே காட்டும். 50 மில்லிமீட்டர் லென்ஸால் ஒரு மீட்டர் தூரத்திலிருந்து பாட்டியின் முகத்தை எடுக்கிறீர்கள். படத்தில் தெளிவாக விழுவது சுமார் 3 சென்டிமீட்டர் ஆழம்தான். திரையோ இருமடங்கு ஆழத்தைக் காட்டி, "எல்லாம் சரி" என்கிறது. பிறகு பார்த்தால் மூக்குத்தி ஜொலிக்கிறது. கண் மங்கிக் கிடக்கிறது! அடுத்த தீபாவளிக்குப் பாட்டி இருப்பாள் என்று யார் ஜாமீன்?

"அப்படியானால் பிளவுத் திரை போடுகிறேன்" என்பார் நண்பர். நடுவில் பிம்பத்தை இரண்டாக வெட்டி, போகஸ் சரியானதும் ஒட்ட வைக்கும் தந்திரம் அது. பாலக்கரை சகாய மாதா கோயில் கோபுரத்தின் நெட்டு விளிம்பில் வைத்துப் பாருங்கள், அற்புதம்! அதே திரையோடு, 1987-இல் கட்டி முடித்த ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்கு எதிரே போங்கள். 13 நிலைகளைப் பிரிக்கும் படுக்கைக் கோடுகளில் ஒன்றை நடுவில் வைத்தால், அந்தப் படுக்கை வெட்டுக்கு அது பிடிகொடுக்காது. காமிராவைச் சாய்த்துப் பிடித்து மல்லுக்கட்ட வேண்டும். மலைக்கோட்டையை எட்டிப் பிடிக்க எஃப் 5.6 நீள லென்ஸ் மாட்டினாலோ, வெட்டில் ஒரு பாதி இருண்டே போகும். பாட்டியின் முகத்தில் நேர்கோட்டுக்கு எங்கே போவது?

எஃப் 2-ஐ விட அகலமாகத் திறக்கும் லென்ஸா? சொரசொரப்பான வெறும் தேய்த்த கண்ணாடித் திரையைப் போடுங்கள் என்பது என் கட்சி. கொஞ்சம் மங்கல்தான். ஆனால் போகஸ் விலகினால் மறைக்காமல் காட்டிக் கொடுக்கும். கண் படத்தின் ஓரத்தில் இருந்தாலும் அங்கேயே பார்த்துத் திருப்பலாம். 1959-இல் வந்த நிக்கான் எஃப் காமிராவிலேயே திரையைக் கழற்றி மாற்ற வசதி வைத்திருந்தார்கள். ஒரே திரை எல்லோருக்கும் போதாது என்பது அப்போதே தெரிந்த சமாசாரம். எஃப் 5.6 லென்ஸ் மட்டுமே உள்ளவருக்கு நண்பரின் பளிச்சிடும் திரையே தேவலை. அதை நான் மறுக்கவில்லை.

ஒன்று மட்டும்: புதுத் தகடு இம்மியளவு மேலே கீழே உட்கார்ந்தாலும் திரை ஒன்று சொல்லும், படம் வேறொன்று சொல்லும். செய்தித்தாள் ஒன்றைச் சாய்வாக வைத்து, நடுவரியில் போகஸ் செய்து எடுங்கள். கூர்மையாக விழுந்தது அதே வரிதானா என்று பார்த்துவிட்டுப் பாட்டியைக் கூப்பிடுங்கள்.