பரண் மேல ஒரு 8255!

மைக்ரோபிராசசர் லேப்னு சொன்னதும் என்ன ஞாபகம் வருது? ஹெக்ஸ் கீபேட், சிவப்பா மின்னுற டிஸ்ப்ளே, ரெண்டு எண்ணைக் கூட்ட பத்து நிமிஷம் கீ அமுக்கினது... அதானே?

அது பொம்மை இல்லீங்க, முழுசான ஒரு சிங்கிள் போர்டு கம்ப்யூட்டர். 1976-ல வந்த இன்டெல் 8085 சிப்தான் அதோட மூளை. அதே வருஷம் அமெரிக்காவுல வந்த 'கிம்-1' போர்டு இந்தக் குடும்பத்துல பெரியப்பா மாதிரி. சென்னை வி மைக்ரோசிஸ்டம்ஸோட 'மைக்ரோ-85 இபி' கிட்டைத் தட்டாத சீனியர்கள் நம்ம ஊர்ல கம்மி.

கிட் எப்படியோ பிழைச்சுக்குது. பாவம், அதோட வந்த கார்டுகள்தான்! ஸ்டெப்பர் மோட்டார், ட்ராஃபிக் லைட், டைமர், ஏடிசி... சிலபஸ் மாறினதும் மேனுவல் ஒரு பக்கம், கார்டு ஒரு பக்கம். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துல கிருஷ்ணன்கோவில்ல கலசலிங்கம் காலேஜ் ஆரம்பிச்சது 1984-ல. அப்படின்னா நம்ம ஏரியாவுல இன்ஜினீயரிங் லேபுக்கு 40 வயசு தாண்டியாச்சு. பழைய லேப் எங்கே இருந்தாலும், பேர் தெரியாத கார்டுகளோட ஒரு அட்டைப்பெட்டியும் இருக்கும். பேர் தெரியலேன்னா எடைக்குப் போட வேண்டியதுதான். பேர் தெரிஞ்சா? அது பாடம்!

சரி, எப்படிக் கண்டுபிடிக்கிறது? முதல்ல பெரிய சிப்போட நம்பரைப் படிங்க. 8255-னா போர்ட், 8253-னா டைமர், 8251-னா சீரியல், 8279-னா கீபோர்டும் டிஸ்ப்ளேவும். யுஎல்என்2003 இருந்தா மோட்டாரோ ரிலேவோ ஓட்டின கார்டா இருக்கலாம். பக்கத்துலயே நாலு இலக்கத்துல தேதி இருக்கும். 8743-னா 1987-ம் வருஷம், 43-வது வாரம்.

அடுத்து மல்டிமீட்டர். 40 பின் சிப்னா 20-ல கிரவுண்ட், 40-ல 5 வோல்ட்டுனு கை தானாப் போகும். 8085-க்கு அது சரி. ஆனா 8255-க்கு 7-ல கிரவுண்ட், 26-லதான் சப்ளை! அங்கிருந்து கன்டினியூட்டி பார்த்துக்கிட்டே கனெக்டர் வரைக்கும் வாங்க. கேபிள் பொருந்துதேன்னு அப்படியே செருகிடாதீங்க. கம்பெனிக்குக் கம்பெனி பின் வரிசை மாறும். டேட்டா லைன்ல சப்ளை ஏறிடுச்சுன்னா கார்டோட கிட்டும் காலி.

மூணாவது, அட்ரஸ். 8085-க்கு 256 போர்ட் அட்ரஸ். 8255-க்கு அதுல நாலு வேணும். கார்டு நேரா பஸ்ல உட்கார்ற ரகம்னா, 8255-ன் 6-வது பின்னான சிப் செலக்ட்டைப் பிடிச்சுப் போங்க. பெரும்பாலும் 74எல்எஸ்138 டீகோடர்ல போய் நிக்கும். அதுக்குள்ள எந்த அட்ரஸ் லைன் போகுதுன்னு பேப்பர்ல வரைஞ்சா கார்டோட விலாசம் கிடைச்சாச்சு!

இனி வைத்தியம். பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி இருந்தா முதல் வேலையா அதைக் கழட்டுங்க. கசிஞ்சா காப்பர் டிராக்கையே தின்னுடும். கசிஞ்ச இடத்தை வினிகர் தொட்டுத் துடைச்சு, அப்புறம் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் போட்டுக் காய விடுங்க. ஈப்ராம் சிப்போட கண்ணாடி ஜன்னல்ல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பிய்க்காதீங்க, புற ஊதா ஒளி பட்டா உள்ளே இருக்கிற புரோகிராம் அழிஞ்சிடும். புரோகிராமர்ல வெச்சுப் படிச்சு ஒரு காப்பி எடுத்துடுங்க. சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல ஷார்ட் இல்லைன்னு பார்த்த பிறகுதான் கரன்ட் லிமிட் வெச்சு 5 வோல்ட்.

'இதெல்லாம் எதுக்குப்பா, அம்பது ரூபா மைக்ரோகன்ட்ரோலர்லயே எல்லாம் இருக்கே'ங்கறீங்களா? இருக்கு. ஆனா எல்லாம் ஒரே சிப்புக்குள்ள ஒளிஞ்சிருக்கு. அட்ரஸ் டீகோடிங்கை விரலால தொட்டுக் காட்டுறது இந்தக் கார்டுதான்.

நிஜமாவே செத்துப்போன கார்டா? காயலான் கடை வேண்டாம். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில இருக்கிற இ-வேஸ்ட் விதிகள்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்கிட்டதான் போகணும்.

இந்த வார ஹோம்வொர்க்: உங்க லேப் அண்ணன் ரிட்டயர் ஆகறதுக்குள்ள அவரை உட்கார வெச்சு, ஒவ்வொரு கார்டும் என்னன்னு கேளுங்க. மேனுவல்ல இல்லாததும் அவருக்குத் தெரியும். கேட்டதை ஒரு லேபிள்ல எழுதி கார்டுலயே கட்டி வைங்க. அடுத்த பேட்ச் தம்பி தங்கச்சிங்க உங்களுக்குப் பால்கோவா வாங்கித் தருவாங்க!