நாள் எண்ணி மூடி போடும் மேதாவிகள்

வீட்டில் காய்ச்சிய பீரை எப்போது பாட்டிலில் அடைக்கலாம்? யாரிடம் கேட்டாலும் வரும் பதில், "பதினாலு நாள் வை, அப்புறம் ஊத்தி மூடிடு". கொஞ்சம் விவரமானவர் என்றால், "குமிழி வர்றது நின்னுடுச்சான்னு பாரு" என்பார். 2020 ஊரடங்கில் டாஸ்மாக் பூட்டிக்கிடந்த வாரங்களில் இந்த ரக நிபுணர்கள் தெருவுக்கு நாலு பேர் முளைத்தார்கள். கடை திறந்ததும் ஆட்கள் மறைந்துவிட்டார்கள், அவர்கள் விட்டுப்போன வைத்தியம் மட்டும் இன்னும் சுற்றுகிறது. முதல் பதில் தப்பு. இரண்டாவது பதிலும் தப்பு. அதைவிடப் பெரிய கொடுமை, இதே அலட்சியத்தோடுதான் தமிழ்நாட்டில் கள்ளைப் பற்றிய வாதமும் நடக்கிறது. அதற்குக் கடைசியில் வருவோம்.

முதலில் பதினாலு நாள். இட்லி மாவு ஆட்டுகிற எந்த வீட்டிலும் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். சித்திரையில் ராத்திரி கரைத்து வைத்தால் விடிவதற்குள் பாத்திரத்தைத் தாண்டிப் பொங்குகிறது. மார்கழியில் மறுநாள் மதியம்வரை அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. அதே அரிசி, அதே உளுந்து, அதே கை. மாறியது வெயில் மட்டும். ஈஸ்ட்டும் உயிர்தான், அதற்கு நாட்காட்டி தெரியாது. சர்க்கரை எவ்வளவு இருக்கிறது, சூடு எவ்வளவு, எத்தனை ஈஸ்ட் செல் உள்ளே போனது, இதை வைத்துத்தான் அது வேலை செய்யும். ஏழு நாளில் முடிக்கும். இருபது நாளும் இழுக்கும். நடுவில் படுத்துத் தூங்கிவிட்டு மறுபடி எழுந்தும் வரும்.

இரண்டாவது, குமிழி. மூடி சரியாகப் பொருந்தவில்லை என்றால் வாயு வேறு சந்து வழியாகப் போய்விடும். உள்ளே நொதித்தல் முழு வேகத்தில் நடக்கும், வெளியே ஒரு குமிழி இருக்காது. தலைகீழாகவும் நடக்கும். மதியம் அறை சூடானால், நொதித்து முடிந்த பீரில் கரைந்திருக்கும் பழைய வாயு வெளியே வந்து குமிழி விடும். பார்ப்பவர் "இன்னும் வேலை செய்யுது" என்பார். ஆக, குமிழி நின்றாலும் ஒன்றும் தெரியாது, வந்தாலும் ஒன்றும் தெரியாது!

தெரிய ஒரே வழி, உள்ளே சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்று அளப்பது. ஹைட்ரோமீட்டர் என்ற கண்ணாடிக் குழாய் அதைச் சொல்லும். பள்ளிக்கூடத்தில் ஒப்படர்த்தி என்று படித்தோமே, அதுதான். தண்ணீர் 1.000. சர்க்கரை கரைந்த மால்ட் சாறு 1.050 என்று ஆரம்பிக்கிறது என்று வையுங்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன எண் இறங்கி, 1.010 பக்கம் வந்து நிற்கும். இரண்டுக்கும் வித்தியாசம் 0.040. அதை 131-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் ஐந்தே கால் சதவீதம் சொச்சம். இன்று ஒரு அளவு, இரண்டு மூன்று நாள் கழித்து இன்னொரு அளவு. இரண்டும் ஒன்றாக இருந்து, அந்த எண்ணும் நியாயமான எண்ணாக இருந்தால் பீர் தயார். 1.025-லேயே நின்றுவிட்டால் அது தயார் கிடையாது, ஈஸ்ட் மயங்கிக் கிடக்கிறது. அதை மூடினால் பிறகு விழித்துக்கொள்ளும்.

விழித்தால் என்ன ஆகும்? ஒரு லிட்டர் பீரில் ஒரு லிட்டர் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருந்தால் அதை ஒரு வால்யூம் என்பார்கள். சாதாரண பீரில் இரண்டரை வால்யூம் இருக்கும். இதற்காக அடைக்கும்போது லிட்டருக்கு ஆறேழு கிராம் சர்க்கரை சேர்ப்பது வழக்கம். கவனியுங்கள், ஆறேழு கிராம்தான். ஒப்படர்த்தி 0.001 இறங்கினாலே சுமார் அரை வால்யூம் வாயு பிறக்கும். 1.010-க்கு வரவேண்டிய பீரை 1.014-ல் மூடியவர், தனக்கே தெரியாமல் இன்னும் இரண்டு வால்யூமை உள்ளே வைத்து மூடுகிறார். கூட்டினால் நாலரை. பழைய பேப்பர் கடையில் வாங்கிய பீர் பாட்டில் இதற்காகச் செய்யப்பட்டது அல்ல. கோலி சோடா பாட்டில் ஏன் அவ்வளவு தடிமன் என்று யோசித்தால் புரியும். பாட்டில் வெடித்தால் சிதறுவது கண்ணாடி. அது முகத்துக்குத்தான் வரும், பதினாலு நாள் சொன்னவருக்கு வராது.

இதில் நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு தனிக் குறிப்பு. ஹைட்ரோமீட்டர் பெரும்பாலும் 20 டிகிரிக்காகத் தயாரிக்கப்படுகிறது. திருப்பூரில் 32 டிகிரியில் அளந்தால் மூன்று புள்ளி குறைத்துக் காட்டும். 1.013 இருப்பது 1.010 என்று தெரியும். மாதிரியை ஒரு டம்ளரிலிருந்து இன்னொரு டம்ளருக்கு ஆற்றி வாயுவை எடுத்துவிட்டு, சூட்டுக்கான திருத்தமும் போட்டுத்தான் படிக்க வேண்டும். இதெல்லாம் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. டீ ஆற்றத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

"இதெல்லாம் நமக்கு எதுக்குங்க, வெள்ளைக்காரன் சமாச்சாரம்" என்று நல்லூரில் உட்கார்ந்துகொண்டு யாராவது சொன்னால் அவரை அப்படியே ஒரு சாயப்பட்டறைக்குக் கூட்டிப்போக வேண்டும். டையிங் மாஸ்டர் உப்புத் தொட்டியில் மிதக்க விடுகிறாரே ஒரு கண்ணாடிக் குழாய், அது என்ன? ஹைட்ரோமீட்டர்தான்! உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அதைப் பார்த்துத்தான் முடிவு. "நேத்து இவ்வளவு போட்டோம், இன்னைக்கும் போடு" என்று கிளம்பினால் ஷேடு மாறி, மொத்த லாட்டும் திரும்பி வரும். பால் சொசைட்டியில் கேனுக்குள் விடுகிற லேக்டோமீட்டர்? அதுவும் இதே ஜாதிதான். பாலுக்கும் சாயத்துக்கும் மீட்டர் போடுகிற ஊரில், மூடி போட்டால் வெடிக்கக்கூடிய ஒரு சரக்குக்கு மட்டும் கண் பார்வை போதுமா?

இந்த ஊருக்கு அளவின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மொத்தமாக மூடச் சொன்னது. கழிவே வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றவில்லை என்பதுதான் காரணம். நொய்யலில் தண்ணீர் "பார்க்க நல்லாத்தான் இருக்கு" என்ற சமாதானம் எல்லாம் அங்கே எடுபடவில்லை. லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு என்ற எண்ணுக்குத்தான் அங்கே மரியாதை. அத்தனை பேர் வேலை இழந்து கற்ற பாடம் அது.

அடுத்த ஆட்சேபம் தயாராக இருக்கும்: "பாட்டன் பூட்டன் எல்லாம் மீட்டர் வெச்சா கள்ளு இறக்கினாங்க?"

இல்லை. ஆனால் பாட்டன் பாட்டிலில் அடைக்கவும் இல்லை. காலையில் இறக்கினார், அன்றைக்கே மொந்தையில் ஊற்றிக் குடித்தார்கள், மிஞ்சியது காடியானது. கள்ளுக்கும் பீருக்கும் உள்ள முக்கிய வித்தியாசம் இதுதான். பீருக்கு முடிவு என்று ஒன்று உண்டு. ஈஸ்ட் தின்ன வேண்டியதைத் தின்றதும் அடங்கும், பிறகு மாதக்கணக்கில் வைக்கலாம். கள்ளுக்கு அப்படி ஒரு நிறுத்தம் கிடையாது. பாளையிலிருந்து முட்டியில் சொட்டும்போதே நொதிக்க ஆரம்பிக்கிறது. காற்றிலும் முட்டியிலும் இருக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சேர்ந்து வேலை செய்கின்றன. இனிப்பு குறைகிறது, போதை ஏறுகிறது, கூடவே புளிப்பும் ஏறுகிறது, விட்டால் வினிகர். முட்டியில் சுண்ணாம்பு தடவினால் காரத்தன்மையில் ஈஸ்ட் அடங்கி, அது தெளுவாக நிற்கும் (மற்ற ஊர்க்காரர்களுக்குப் பதநீர்). அதாவது தெளுவுக்கும் கள்ளுக்கும் நடுவில் இருப்பது கொஞ்சம் சுண்ணாம்பும் சில மணி நேரமும். சட்டம் ஒன்றை அனுமதிக்கிறது, இன்னொன்றைக் குற்றம் என்கிறது. கோடு எந்த எண்ணில் போடப்பட்டிருக்கிறது என்று இந்த விவாதத்தில் எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்?

தமிழ்நாட்டில் கள்ளுக்கடை 1987 ஜனவரி 1 முதல் இல்லை. 2017-ல் தென்னையிலிருந்து நீரா இறக்க அனுமதி வந்தது. நொதிக்காத வரைக்கும் நீரா, நொதித்தால் கள். கொங்குப் பக்கத்தில் கள் இயக்கம் பல வருடங்களாகக் கேட்பது, கள் உணவு, தடையை நீக்கு என்று. 2025 ஜூனில் சீமான் பனை ஏறிக் கள் இறக்கியதும் அதே கோரிக்கைக்காகத்தான். விவசாயியின் மரம், அவன் பாளை, அவன் உழைப்பு. சாராய ஆலைக்கு ஒரு நியாயம் பனையேறிக்கு ஒரு நியாயமா என்ற கேள்வியில் நியாயம் நிறையவே இருக்கிறது. ஆனால் இந்தத் தரப்பு "இயற்கையானது, அதனால் நல்லது" என்று முடித்துக்கொள்கிறது. எதிர்த் தரப்பு "கலப்படம் ஆகும், அதனால் கூடாது" என்று முடித்துக்கொள்கிறது. இரண்டு பேர் கையிலும் எண் இல்லை. இரண்டுமே ஜல்லி!

எண் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் உதாரணம் இருக்கிறது. கேரளத்தில் கள் சட்டப்படி விற்பனை. அங்கே தென்னங்கள்ளுக்கு 8.1 சதவீத ஆல்கஹால் என்று ஒரு உச்சவரம்பு வைத்தார்கள். அதைத் தாண்டினால் வெளியிலிருந்து சாராயம் கலந்ததாகக் கருதி வழக்கு. ஆனால் தென்னஞ்சாற்றில் லிட்டருக்கு 130 கிராம் சர்க்கரை இருந்து, அத்தனையும் ஆல்கஹால் ஆனால், ஏட்டுக்கணக்குப்படியே எட்டு சதவீதத்தைத் தாண்டிவிடும். ஆக, ஒரு சொட்டும் கலக்காதவனும் தன் கள் கொஞ்சம் நேரம் கூடுதலாக நொதித்த குற்றத்துக்காகக் கோர்ட் ஏறலாம். அந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. எண் வைத்தது தப்பில்லை. மரத்தையும் மணியையும் அளந்து பார்க்காமல் எண் வைத்ததுதான் தப்பு.

தெலங்கானா, ஆந்திரா பக்கம் கள்ளில் குளோரல் ஹைட்ரேட், டயாசிபாம் கலந்து பிடிபடுவது உண்மை. ஹைட்ரோமீட்டர் அதைக் கண்டுபிடிக்காது, அதற்கு ஆய்வகம் வேண்டும். ஆனால் கலப்படமில்லாத கள் காலை ஆறு மணிக்கு எப்படி இருக்கும், பத்து மணிக்கு எப்படி இருக்கும், மாலையில் எப்படி இருக்கும் என்ற அட்டவணையே கையில் இல்லாதவர் கலப்படத்தை எதனோடு ஒப்பிட்டுப் பிடிப்பார்?

யாழ்ப்பாணத்தில் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் கள்ளைப் போத்தலில் அடைத்தே விற்கின்றன. சூடாக்கி ஈஸ்ட்டை அடக்காமல் கள்ளைப் போத்தலில் வைக்க முடியாது. எந்த நேரத்தில் அடக்குவது என்பதுதான் முழு விஷயமும். சீக்கிரம் அடக்கினால் சர்க்கரைத் தண்ணீர், தாமதித்தால் காடி. பீர் காய்ச்சுகிறவன் "முடிந்ததா?" என்று கேட்கிறான். கள் அடைக்கிறவன் "தாண்டிவிட்டதா?" என்று கேட்க வேண்டும். இரண்டு கேள்விக்கும் பதில் நாக்கிலோ நாட்காட்டியிலோ இல்லை.

ஆகவே கள்ளுக்கு ஆதரவாகக் கொடி பிடிப்பவர்களிடம் ஒரே ஒரு கோரிக்கை. அடுத்த மாநாட்டுக்கு மொந்தையோடு கூட ஒரு ஹைட்ரோமீட்டரும் ஒரு கட்டு பிஹெச் பேப்பரும் கொண்டு வாருங்கள். காங்கயத்துத் தென்னை, உடுமலைத் தென்னை, தாராபுரத்துப் பனை என்று மரவாரியாக, மணிவாரியாக அளந்து ஒரு வருடத்துக்கு எழுதி வையுங்கள். ஆயிரம் ரூபாய்கூட ஆகாத வேலை. தடை வேண்டும் என்பவர்களும் அதே அட்டவணையை வைத்துப் பேசட்டும். அதற்குப் பிறகு சட்டம் எழுதலாம்.

அதுவரைக்கும், எண்ணைப் பார்க்காமல் மூடி போடச் சொல்கிறவர் யாராக இருந்தாலும், பதினாலு நாள் நிபுணரோ மேடைப் பேச்சாளரோ, அவர் பாட்டிலிலிருந்து பத்தடி தள்ளியே நில்லுங்கள் மக்களே :-)

டிஸ்கி: சிங்கப்பூரில் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் காய்ச்சலாம். அமெரிக்காவில் 1978-ல் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால் வழி பிறந்தது. தமிழ்நாட்டில் 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது, உரிமம் இல்லாமல் வீட்டில் காய்ச்சினால் குற்றம். அளந்து பழக ஆசைப்படுகிறவர்கள் இட்லி மாவிலிருந்தும் தெளுவிலிருந்தும் தொடங்கலாம்.