கொடுவாயை விட்டுட்டு வந்தா புண்ணியமா?

மார்கழி, தை வந்துட்டா நம்ம தூண்டில் கோஷ்டிக்குக் கை அரிக்க ஆரம்பிச்சிடும். பருவமழை ஓய்ஞ்சு, ஆத்துல வந்த செம்மண் தண்ணி வடிஞ்சு, கடல் தண்ணி மறுபடி உள்ளே ஏறுற நேரம். மடவையும் இறாலும் இருக்கிற இடத்துக்குக் கொடுவா வரும். கொடுவாயைத் தேடி ராடும் ரீலுமா நம்மாளுங்க வருவாங்க. பிச்சாவரம், பரங்கிப்பேட்டை வெள்ளாத்து முகத்துவாரம், அப்புறம் நம்ம கடலூர் உப்பனாறு.

இதுல உப்பனாறுதான் உறுத்துது. "பிடிக்கிறோம், போட்டோ எடுக்கிறோம், திரும்ப விட்டுடறோம். சிப்காட் மீனை எவன் சார் திம்பான்?" என்கிறார்கள். ஏதோ ஜீவகாருண்யம் மாதிரி! அது ஜீவகாருண்யம் இல்லீங்க, பயம்.

மீனை விடுறது தப்புன்னு சொல்ல வரலை. பெரிய கொடுவாயைக் கண்டிப்பா விடணும். கொடுவா முதல்ல ஆணாக வளர்ந்து, சில வருஷம் கழிச்சுத்தான் பெண்ணாக மாறும். ஆக, பெரிய மீன்தான் முட்டை போடுற மீன். அமெரிக்காவுல ஃப்ளோரிடாவில் ரெட்ஃபிஷ்னு ஒரு கழிமுக மீன் உண்டு. 18 அங்குலத்துக்குக் குறைஞ்சாலும் விடணும், 27-ஐத் தாண்டினாலும் விடணும். ஆனா இடைப்பட்ட சைஸை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைக்கலாம். அதுக்குத்தான் அந்தச் சட்டமே. எந்தத் தண்ணியில் பிடிச்ச எந்த மீனை எத்தனை தடவை சாப்பிடலாம்னு அங்கே சுகாதாரத்துறையே பட்டியல் போடுது.

நம்ம உப்பனாத்தங்கரையில் அப்படி ஒரு பலகையை நான் பார்த்ததே இல்லை.

ஞாயித்துக்கிழமை வர்றவர் மீனை விட்டுட்டு பைக்கை எடுத்துட்டுப் போயிடலாம். குடிகாடு, சொன்னஞ்சாவடி பக்கம் வீச்சு வலை போடுற அண்ணன் என்ன செய்வார்? அன்னைக்கு அடுப்பு எரியணும்னா அந்த மீன்தான். மிச்சம் சந்தைக்குப் போகும். கூடையில் கிடக்கிற மடவை நெத்தியில் எந்த ஆத்து மீன்னு எழுதியா ஒட்டியிருக்கு? வாங்குறவங்களுக்கும் தெரியாது. இன்னொரு பக்கம், நல்ல மீனா இருந்தாலும் 'சிப்காட் மீன்'னு ஒரு வார்த்தை விழுந்தா விலை படுத்துடும். ரெண்டு வகையிலும் அடி வாங்குறது வலைக்காரர்தான்.

உப்பனாத்துச் சேத்துலயும் மீன்லயும் கன உலோகங்களை அளந்த ஆய்வுக் கட்டுரைகள் இருக்கு. எல்லாம் இங்கிலீஷ்ல! மீனில் பாதரசம், காரீயம் எவ்வளவு வரை இருக்கலாம்னு உணவுப் பாதுகாப்பு ஆணையமும் அளவு வச்சிருக்கு. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட கடல் உயிரியல் மையம் பக்கத்திலேயே இருக்கு. அளவு இருக்கு, ஆள் இருக்கு. மாசா மாசம் கொடுவா, மடவை, இறால், நண்டுன்னு நாலு மாதிரி எடுத்துச் சோதிச்சு, முடிவைத் தமிழ்ல எழுதிப் படகுத்துறையில் மாட்ட என்ன தடை?

"பலகை வச்சா மீனவன் பொழப்பு போயிடும்"னு சிலர் சொல்வாங்க. வதந்தி ஏற்கெனவே அந்தப் பொழப்பைக் கெடுத்துக்கிட்டுத்தான் இருக்கு. வதந்திக்கு எல்லா மீனும் ஒண்ணு. சோதனைதான் எந்த மீன் ஆகும், எது ஆகாதுன்னு பிரிச்சுச் சொல்லும். ஆகாதுன்னு வந்தா, யாரால ஆகாமப் போச்சோ அவங்ககிட்ட நஷ்ட ஈடு கேட்கவும் கையில் ஒரு காகிதம் இருக்கும்.

இது நடக்காத காரியமும் இல்லை. 2004-ல் இதே சிப்காட் கிராமத்து ஜனங்க வாளியை வச்சுக் காத்தைப் பிடிச்சு, என்னென்ன நச்சு வாயு இருக்குன்னு சோதனைக்கு அனுப்பினாங்க. மூக்குல ஏறுன நாத்தத்துக்கு அப்பதான் பேரும் அளவும் கிடைச்சது. 2025 மே மாசம் குடிகாட்டுல ஒரு ஆலையோட கழிவுநீர்த் தொட்டி வெடிச்சு ஊருக்குள்ள பாய்ஞ்சப்பவும், அந்தத் தண்ணியில் என்ன இருந்ததுங்கிறதுதான் எல்லாருக்கும் முதல் கேள்வி.

காத்தை அளந்த ஊர் மீனை அளக்க முடியாதா? தூண்டில் நண்பர்களே, போட்டோ எடுத்தது போதும். அடுத்த தடவை மனு எழுதும்போது நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க. பிடிச்ச மீனைப் பயமில்லாம குழம்பு வைக்க முடிஞ்சாத்தான் அது ஆறு. அதுவரைக்கும் நாம விடுற ஒவ்வொரு கொடுவாயும் அந்த விஷத்துக்குள்ளதான் திரும்பிப் போகுது.