வீண் செலவா, விதைநெல்லா?

சங்கரன்கோவிலில் கூட்டம் முடிந்து மேடையைவிட்டு இறங்கினோம். கரும்பு பயிரிடும் பெரியவர் ஒருவர் நம் கையைப் பிடித்துக் கொண்டார். "ஆராய்ச்சி ஆராய்ச்சின்னு கோடி கோடியாக் கொட்டுதாகளே அண்ணாச்சி, அதனால எங்க வீட்டு உலை கொதிக்குமா?" என்றார்.

கேட்க வேண்டிய கேள்வி! வரி கட்டுபவன் கணக்குக் கேட்பது குற்றமல்ல, கடமை. கணக்கைக் காட்டுகிறோம், அவர் வயலிலிருந்தே தொடங்குகிறோம்.

சர்க்கரை காய்ச்சும் கலையை உலகுக்குத் தந்த நாடு என்று பெருமை பேசிய இந்தியா, ஒரு காலத்தில் ஜாவாச் சர்க்கரையைக் கப்பல் கப்பலாக வாங்கியது. வடநாட்டுக் கரும்போ மெலிந்தது, விளைச்சலோ குறைந்தது. 1912ல் கோவையில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. பார்பரும் வெங்கட்ராமனும் வெள்ளைக் கரும்புக்கும் காட்டு நாணலுக்கும் மணம் முடித்தனர். நாணலோடு சம்பந்தமா என்று நகைத்தவர்களும் இருந்திருப்பர்! 1918ல் பஞ்சாப் வயலுக்குப் போனது, அந்த மணத்தில் பிறந்த 'கோ 205'. பழைய கரும்பைப் பின்னே தள்ளியது. அதன் வழியில் வந்த கோ வகைகள் நாடெங்கும் பரவின. 1932ல் வந்த காப்பு வரியும் கைகொடுத்தது. ஆலைகள் பெருகின, ஜாவாச் சர்க்கரை விடைபெற்றது.

கொட்டிய காசு எங்கே போனது? உழவன் களத்துக்கு வந்தது. ஆலைத் தொழிலாளியின் கூலியாக வந்தது. வண்டிக்காரன் வாடகையாக வந்தது!

ஒருமுறை கண்டறிந்தால் போதாதோ? போதாது! 2009ல் வெளியான 'கோ 0238' உத்தரப் பிரதேச வயல்களை ஆண்டது. பின்னர் செவ்வழுகல் நோய் அதையே செல்லரித்தது. நோய் ஓய்வெடுப்பதில்லை, ஆராய்ச்சி மட்டும் ஓய்வெடுக்கலாமா?

ஆனால், அரசும் தனியாரும் சேர்ந்து ஆராய்ச்சிக்கு அள்ளித் தருவது எவ்வளவு? 2020-21ல் நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் நூறு ரூபாய்க்கு 64 காசு! தென்கொரியா நான்கு ரூபாய்க்கு மேல் செலவிடுகிறது. அவர்கள் விற்கிறார்கள், நாம் வாங்குகிறோம்.

கூடுதல் நிதி கேட்கிறோம். அதோடு கணக்கும் கேட்கிறோம். ஆய்வுக்கூடத்தில் பிறந்த கரணை, ஐந்து ஏக்கர் உழவனுக்கும் அரை ஏக்கர் உழவனுக்கும் ஒன்றுபோல் வந்து சேரவேண்டும். வராவிட்டால் பெரியவரின் கேள்வி நிற்கும். நாமும் அவர் பக்கமே நிற்போம்.

1912ல் போட்ட காசுக்கு 1918ல்தான் கரும்பு வந்தது. காத்திருக்க மனமின்றி விதைநெல்லைக் குத்திப் பொங்கியவன் வீட்டில், இன்று உலை கொதிக்கும். அடுத்த ஆண்டு?