முழங்கால் மடங்கட்டும்



முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய தாயார் ஒருவரைக் காணச் சென்றிருந்தோம். தாராவியில் ஒற்றை அறை வீடு. முழங்காலின் கீழே இரண்டு தலையணைகளை வைத்துப் படுத்திருந்தார். பயிற்சிகளைச் செய்கிறீர்களா என்று கேட்டேன். "வலி தாங்கவில்லை, பிரதர். டாக்டர் தம் வேலையை முடித்துவிட்டார். மற்றதைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்றார். நாங்களும் 'ஆமென்' என்றோம். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

எசேக்கியா ராஜாவுக்குச் சுகம் வாக்குப்பண்ணப்பட்ட பின்பும், ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொன்னார் என்று 2 இராஜாக்கள் 20-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பயிற்சி செய்வது அவிசுவாசம் அன்று. அதற்கு அரைமணி நேரம் முன்பாக, மருத்துவர் எழுதித் தந்த வலி மாத்திரையை உட்கொள்வதும் அவிசுவாசம் அன்று.

அறுவை சிகிச்சை தேய்ந்த மூட்டை மாற்றுகிறதேயொழிய, தொடைத் தசைக்குப் பெலன் தருவதில்லை. வலியும் வீக்கமும் அத்தசையை மேலும் தளர்த்திவிடும். முதல் சில வாரங்கள் மடக்காமல் விட்டால், உள்ளே தழும்பு இறுகி மூட்டு விறைத்துப்போகும். முழங்காலின் கீழ் வைக்கும் தலையணை இதமாகவே இருக்கும். ஆனால் கால் வளைந்தபடியே நின்றுவிடும். சுருட்டிய துண்டைக் குதிகாலின் கீழ் வையுங்கள். காலை நீட்டி, முழங்காலைப் படுக்கையில் அழுத்தி ஐந்து விநாடி நிறுத்துங்கள். பின்பு குதிகாலைப் படுக்கையோடு இழுத்து மெதுவாக மடக்குங்கள். எத்தனை முறை என்பதைப் பிசியோதெரபிஸ்ட் சொல்வார். நாற்காலியிலிருந்து எளிதாய் எழும்ப ஏறக்குறைய 90 பாகை மடங்க வேண்டும். பொதுக் கழிப்பிடத்தில் குந்துவதற்கு அது போதாது. ஆகவே கழிப்பறை நாற்காலி ஒன்றை முன்னதாகவே ஆயத்தப்படுத்துங்கள்.

மாடிப்படி ஏறுகையில் நல்ல கால் முதலில். இறங்குகையில் அறுவை செய்த கால் முதலில். எண்ணெய் தேய்த்து நீவவேண்டாம். கெண்டைக்காலில் வலியும் வீக்கமும், காய்ச்சல், புண்ணில் சீழ், மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது கண்டாலும் ஜெபித்துக்கொண்டே உடனே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

இனி முழங்காற்படியிட்டு ஜெபிக்கலாமா? தாயார் கண்ணீரோடு கேட்டது இதைத்தான். புண் நன்றாக ஆறி, அறுவை மருத்துவர் அனுமதித்த பின், தடித்த மெத்தையின்மேல் முயலலாம். தழும்பைச் சுற்றி மரத்தாற்போல் இருக்கும். சிலருக்கு அது கடைசிவரை இயலாமலும் போகலாம்.

இப்பொழுது அவர் உபவாச ஜெபத்தில் நாற்காலியில் அமர்ந்து, காலை நீட்டி மடக்கியபடியே ஜெபிக்கிறார்.