லாரி டிரைவருக்கு 8 மணி நேரம்தான் வேலை: சட்டம் இருக்கு... கணக்கு எங்கே?

நாமக்கல்,-

லாரி டிரைவர் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வண்டி ஓட்டலாம்? இந்த கேள்வியை நாமக்கல் பைபாசில் நிற்கும் எந்த டிரைவரிடம் கேட்டாலும் முதலில் சிரிப்புதான் வரும். லோடு ஏற்றினால் இறக்குற வரைக்கும் ஓட வேண்டியதுதான் என்பார். ஆனால் சட்டம் 1961-ம் ஆண்டிலேயே இதற்கு பதில் சொல்லிவிட்டது. 60 வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த பதில் ரோட்டுக்கு வந்து சேரவில்லை.

அந்த ஆண்டு வந்த மோட்டார் போக்குவரத்து தொழிலாளர் சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. தொலைதூர ரூட் என்றால் அதிகாரியின் அனுமதியோடு 10 மணி நேரம் வரை போகலாம். 5 மணி நேரம் ஓட்டினால் அரை மணி நேரம் ஓய்வு. ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் ஏறுவதற்குள் தொடர்ச்சியாக 9 மணி நேரம் ஓய்வு. வாரம் ஒரு நாள் லீவு. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகன சட்டத்தின் 91-வது பிரிவும் இந்த நேரத்தைத்தான் கை காட்டியது.

5 பேர் போய் 10 பேர்

இதில் ஒரு ஓட்டை இருந்தது. 5 தொழிலாளர்களுக்கு குறைவாக வைத்திருக்கும் லாரி உரிமையாளருக்கு 1961 சட்டம் பொருந்தாது. 2025 நவம்பர் 21-ந் தேதி அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்ட தொகுப்பில் இந்த பழைய சட்டம் கரைந்துவிட்டது. 8 மணி நேரம் என்பது அப்படியே இருக்கிறது. ஆனால் 5 பேர் என்று இருந்த வரம்பு 10 பேர் ஆகிவிட்டது.

நம்ம பக்கத்தில் ஒரு வண்டி, ரெண்டு வண்டி வைத்து பைனான்ஸ் டியூ கட்டிக்கொண்டிருப்பவர்கள்தான் ஏராளம். பல பேர் முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே. அவர்கள் எல்லாம் வரம்புக்கு வெளியே. ஆக, ஓட்டை அடைபடவில்லை, பெரிசாகி இருக்கிறது.

தேசிய பெர்மிட் லாரியில் 2 டிரைவர் கட்டாயம் என்று இருந்த விதியும் 2018-ல் எடுக்கப்பட்டுவிட்டது. டிரைவர் கிடைக்கவில்லை, கட்டுப்படி ஆகவில்லை என்று உரிமையாளர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ரெண்டு பேர் தூக்கத்தை ஒருத்தர் கண்ணில் ஏற்றி வைத்தது போல் ஆகிவிட்டது.

சரக்குக்கு கடிகாரம் உண்டு

நாமக்கல்லில் இருந்து டெல்லி சுமார் 2 ஆயிரத்து 400 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு சராசரி 40 கிலோமீட்டர் என்றால் 8 மணி நேரத்தில் 320 கிலோமீட்டர். ஒரே டிரைவர் சட்டப்படி ஓட்டினால் டெல்லி போய்ச்சேர ஏழரை நாள் ஆகும். ரெண்டு டிரைவர் மாற்றி மாற்றி ஓட்டினால் 4 நாளுக்குள் போய்விடலாம்.

ஜி.எஸ்.டி. இ-வே பில்லில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கு. அப்படி பார்த்தால் இதே டெல்லிக்கு 12 நாள். அரசாங்கமே 12 நாள் தருகிறது. எந்த பார்ட்டி 12 நாள் பொறுப்பார்? ஒரு நாள் லேட் ஆனாலே வாடகையில் பிடித்தம் என்பார்கள்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வண்டி எந்த டோல்கேட்டை எத்தனை மணிக்கு தாண்டியது என்பது பாஸ்டேக்கில் பதிவாகிறது. சரக்கு எப்போது கிளம்பியது என்பது இ-வே பில்லில் இருக்கிறது. வண்டிக்கு கணக்கு இருக்கிறது, சரக்குக்கு கணக்கு இருக்கிறது. ஸ்டீயரிங் பிடித்திருக்கும் மனுஷன் எப்போது தூங்கினான் என்பதற்கு மட்டும் கணக்கு இல்லை.

அமெரிக்காவில் நடந்தது என்ன?

விமான பைலட்டுகளுக்கு இருப்பது போல லாரி டிரைவர்களுக்கும் ஓட்டும் நேரத்தை நிர்ணயிக்க வேண்டும் என்று மத்திய மந்திரி நிதின் கட்காரி 2021-ம் ஆண்டு சொன்னார். டிரைவர் தூங்கி வழிந்தால் எச்சரிக்கும் கருவியை கனரக வாகனங்களில் வைக்க 2025 மார்ச்சில் வரைவு விதியும் வெளியானது. அடுத்து நேரக்கணக்கு மெஷினும் வரலாம். அதற்கு முன்னால் அதை வைத்த ஊரில் என்ன ஆனது என்று பார்ப்பது நல்லது.

அமெரிக்காவில் டிரைவர் 10 மணி நேரம் ஓய்வு எடுத்தபிறகு 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம் மட்டும் ஓட்டலாம். முன்பு இதை டிரைவரே நோட்டில் எழுதுவார். அந்த நோட்டை டிரைவர்களே கேலியாக காமிக்ஸ் புத்தகம் என்றுதான் சொல்வார்கள். அவ்வளவு கதை! 2012-ல் சட்டம் போட்டு, 2017 டிசம்பர் 18 முதல் என்ஜினோடு இணைந்த மின்னணு பதிவு கருவியை கட்டாயம் ஆக்கினார்கள். வண்டி மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தை தொட்டாலே கருவி தானாக 'ஓட்டுகிறார்' என்று எழுதிவிடும். சொந்த வண்டி ஓட்டுபவர்களின் சங்கம் சுப்ரீம் கோர்ட்டு வரை போயும் ஒன்றும் ஆகவில்லை.

பொய் கணக்கு குறைந்தது உண்மை. ஆனால் 2021-ல் வெளியான ஒரு ஆய்வு வேறு விஷயத்தையும் சொன்னது. நேர விதிமீறல் குறைந்தாலும் விபத்து எதிர்பார்த்தபடி குறையவில்லை. சின்ன கம்பெனி வண்டிகளில் அதிவேகம் போன்ற விதிமீறல் அதிகமானது.

ஏன்? அந்த 14 மணி நேர கடிகாரம் ஒருமுறை ஓட ஆரம்பித்தால் சும்மா நிற்காது. குடோன் வாசலில் 4 மணி நேரம் காக்க வைத்தாலும் அது ஓடும். கூலியோ பெரும்பாலும் மைல் கணக்கு. நின்றால் காசு இல்லை, நேரமும் போகிறது. போன நேரத்தை பிடிக்க டிரைவர் ஆக்சிலேட்டரை மிதிக்கிறார். மெஷின் நேரத்தை பார்த்தது, வயிற்றை பார்க்கவில்லை.

ஐரோப்பாவில் இதை கொஞ்சம் யோசித்து செய்திருக்கிறார்கள். அங்கே நாளுக்கு 9 மணி நேரம் ஓட்டலாம், நாலரை மணி நேரத்துக்கு 45 நிமிடம் ஓய்வு. கூடவே, ரோடு பாதுகாப்புக்கு ஆபத்து வரும் அளவுக்கு தூரத்தையும் சரக்கின் அளவையும் வைத்து கூலி போடக்கூடாது என்று 2006-ம் ஆண்டு விதியிலேயே எழுதிவிட்டார்கள்.

நம்ம ஊருக்கு என்ன பாடம்?

2025 மார்ச் கடைசியில் கேஸ் டேங்கர் லாரிகள் ஸ்டிரைக் நடந்தது நாமக்கல்காரர்களுக்கு மறந்திருக்காது. எண்ணெய் நிறுவனங்களின் புது டெண்டரில் எதிர்ப்பு கிளம்பிய நிபந்தனைகளில் ஒன்று, மாற்று டிரைவரோ கிளீனரோ இல்லாவிட்டால் ரூ.20 ஆயிரம் அபராதம் என்பது. நோக்கம் தப்பில்லை. ஆனால் ரெண்டாவது ஆளுக்கு சம்பளம் யார் தருவது என்று பேசாமல் அபராதத்தை மட்டும் பேசினால் உரிமையாளர் எகிறத்தான் செய்வார்.

நேரக்கணக்கு கருவியும் இதே பாதையில் வந்தால் இதே கதிதான். கருவி விலை உரிமையாளர் தலையில், அபராதம் டிரைவர் தலையில், சரக்கு பார்ட்டிக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்று ஆகிவிடக்கூடாது.

செய்ய வேண்டியது 4 காரியம். லோடுக்கு காத்திருக்கும் நேரத்தையும் வேலை நேரமாக எழுத வேண்டும். ஹால்டிங் காசில் டிரைவருக்கும் பங்கு வேண்டும். ஒரு வண்டி வைத்திருப்பவர் முதல் 100 வண்டி வைத்திருப்பவர் வரை ஒரே விதி வேண்டும். சட்டத்தை மீறித்தான் போய்ச்சேர முடியும் என்ற மாதிரி நேரம் கொடுத்து லோடு ஏற்றும் பார்ட்டிக்கும் அபராதம் வேண்டும்.

2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் ஆகிவிட்டது. நல்ல காரியம். ஆனால் 16 மணி நேரம் ஓட்டுகிறவருக்கு ஏ.சி. காற்று தாலாட்டு மாதிரி. குளிர்ச்சியோடு தூக்கத்துக்கும் நேரம் கொடுத்தால்தான் வீட்டில் காத்திருப்பவர்களுக்கு நிம்மதி. எதிரில் பைக்கில் வருகிறவருக்கும்தான்.